ஈரோட்டுக்குள் ஒரு ராட்

கம்ப்யூட்டர் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு கம்ப்ரஸரோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பெங்களூரில் மூடிவிட்ட ஒரு தொழிற்சாலையின் சாமான்களை ஏலம் விட்டபோது எங்கள் முதலாளி கம்ப்ரஸருக்காகத்தான் போனார். அதே லாட்டில் இரண்டு மேஜை, ஒரு இரும்பு பீரோ, பச்சை எழுத்துத் திரை வைத்த ஒரு கம்ப்யூட்டர், அதற்கான பிரிண்டர் எல்லாம் இருந்தன. ஒன்றை எடுத்தால் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். திருச்செங்கோட்டில் லாரி வந்து நின்றதும் கம்ப்ரஸரை இறக்க எட்டுப் பேர் ஓடினார்கள். கம்ப்யூட்டர் பீரோவுக்குள் சாக்கில் சுற்றிக் கிடந்தது. இரண்டு நாள் கழித்து அந்த பீரோவில் ஃபைல் அடுக்கப் போனவள் நான். அதனால் அந்தக் கம்ப்யூட்டர் என் பொறுப்பு என்று ஆகிவிட்டது.

எங்களுடையது ரிக் கம்பெனி. ஆழ்துளைக் கிணறு போடும் வண்டிகள் ஆந்திராவிலும் அதற்கு வடக்கேயும் ஓடிக்கொண்டிருக்கும். அலுவலகமும் பின்னால் பட்டறையும் திருச்செங்கோட்டில். நான் அங்கே டைப்பிஸ்ட். மல்லசமுத்திரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். அப்பா தறி ஓட்டுகிறவர். அப்பாவும் அம்மாவும் இன்றுவரை கைநாட்டுத்தான். நான் பி.காம்., டைப்ரைட்டிங் ஆங்கிலத்திலும் தமிழிலும் ஹையர், இரண்டிலும் முதல் வகுப்பு. இதை நான் அடிக்கடி சொல்லிக்கொள்வதாகப் பட்டறையில் கேலி செய்வார்கள். சொன்னால் என்ன? வாங்கியவள் நான்தானே.

என் வேலையில் பெரிய தொல்லை டெண்டர். வடக்கே உள்ள அரசாங்கங்கள் கேட்கும் டெண்டர் நாற்பது பக்கம் வரும். கார்பன் வைத்து ஐந்து பிரதி அடிக்க வேண்டும். அடித்து முடித்த பிறகுதான் எங்கள் முதலாளிக்கு யோசனைகள் வரும். ஒரு சொல் மாறினால் ஒரு பக்கம், ஒரு பத்தி மாறினால் பின்னால் உள்ள எல்லாப் பக்கமும். அவர் மாற்றிக்கொண்டே இருப்பார், நான் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே இருப்பேன். கம்ப்யூட்டரில் எழுதினால் மாற்ற வேண்டிய சொல்லை மட்டும் மாற்றினால் போதும் என்று ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். பீரோவிலிருந்து அந்தப் பெட்டியை வெளியே எடுத்ததற்கு அந்த ஒரு வரிதான் காரணம்.

கூடவே வந்த தடித்த புத்தகத்தைப் படித்துப் படித்து ஒரு வாரத்தில் அதை ஓட்டிவிட்டேன். திரையில் ஒரு எழுத்தும் ஒரு அம்புக்குறியும் வந்து நின்றன. அவ்வளவுதான் வந்தது. உள்ளே பழைய தொழிற்சாலையின் கணக்குப் புரோகிராம்கள் இருந்தன. கடிதம் எழுதுவதற்கென்று நல்லதாக ஒன்றும் இல்லை. அதை வாங்க வேண்டும். வாங்குவதற்கு முன்னால், இந்தப் பெட்டியை ஓட்டுகிற ஆபரேட்டிங் சிஸ்டம் எது என்று தெரிய வேண்டும். ஒன்றுக்கு எழுதிய புரோகிராம் இன்னொன்றில் ஓடாது.

அதுதான் வினை. ஊரெல்லாம் டாஸ். சேலத்தில் புதிதாக முளைத்த கம்ப்யூட்டர் சென்டர்களின் போர்டில் எல்லாம் டாஸ். எங்கள் பெட்டியில் இருந்தது அதற்கு முந்தியது, மூன்று இங்கிலீஷ் எழுத்துப் பெயர். சொன்னதும் எல்லோருக்கும் செங்கொடி பிடிக்கிற ஒரு கட்சிதான் ஞாபகத்துக்கு வந்தது.

“கொடி எங்கீங்க, பெட்டிக்குள்ள இருக்குதா?” என்றார் பட்டறை ஃபிட்டர் அண்ணன். “நாளைக்கு இதும் ஸ்டிரைக் பண்ணுமா தங்கச்சி?”

சேலத்தில் ஒரு சென்டருக்குப் போய் விசாரித்தேன். அங்கிருந்தவர் பெயரைக் கேட்டதுமே, செத்துப்போன மனிதரைப் பற்றி விசாரித்தது போல முகத்தை வைத்துக்கொண்டார். “அதையெல்லாம் இப்ப யாரும்மா வெச்சிருக்காங்க? டாஸ் மிஷின் வாங்கிருங்க.” கடிதம் எழுதப் பேனா கேட்டவளிடம் வீட்டை மாற்றிக்கொள்ளச் சொன்ன மாதிரி இருந்தது.

கோயம்புத்தூரில் புரோகிராம் விற்கிற ஒரு கடைக்கு முதலாளியே டிரங்க் கால் போட்டார். என்னிடம் ஃபோனைக் கொடுங்கள் என்று நான் சைகை காட்டிக்கொண்டே நின்றேன். கடைக்காரர் அந்தப் பக்கம் ஆபரேட்டிங் சிஸ்டம் என்ன என்று கேட்டிருக்க வேண்டும். எங்கள் தொழிலில் ஆபரேட்டர் என்றால் ரிக்கை ஓட்டித் துளை போடுகிறவர், வண்டியிலேயே பெரிய ஆள். முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஆப்பரேட்டிங்கெல்லாம் கவலையே வேண்டாமுங்க. நம்ம ஆப்பரேட்டருங்க எல்லாம் பத்து வருச சர்வீசு. சிஸ்டமும் ஒண்ணாந்தரமுங்க. நீங்க அனுப்பி வையுங்க.”

ஒரு வாரம் கழித்து பார்சல் வந்தது. டாஸ் டிஸ்க்குகள். எங்கள் பெட்டி அவற்றை வாங்கி, சிறிது நேரம் கரகரவென்று முனகி, ஒரு பிழைச் செய்தி காட்டியது. முதலாளி என்னைப் பார்த்தார்.

“என்ன அம்மிணி, ஓடலீங்கிறியா?”

“இது வேற சிஸ்டத்துக்குங்க. நம்முளுக்கு ஆகாதுங்க.”

“சிஸ்டம் நல்லாருக்குன்னு நாந்தான் சொன்னேனே.”

டிஸ்க்குகளைத் திரும்பப் பார்சல் கட்டினேன்.

பெட்டியோடு வந்த டிஸ்க்கில் ஒரு எடிட்டர் இருந்தது. கடிதம் எழுதுவதற்காகச் செய்தது அல்ல அது. புரோகிராம் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு வரியாகத் திருத்துவதற்கு. பக்கத்தைக் காட்டாது. பத்தாவது வரியைக் காட்டு என்றால் பத்தாவது வரியைக் காட்டும். இல்லாவிட்டால் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கும். ஆனாலும் ஒரு சொல்லை எல்லா இடத்திலும் மாற்று என்றால் மாற்றும். எனக்கு வேண்டியது அதுதானே என்று நினைத்தேன். சோதித்துப் பார்க்க ஒரு கொட்டேஷன் எடுத்துக்கொண்டேன். ஈரோட்டில் ஒரு மில்லுக்கு, மூன்று பக்கம். அடித்து முடித்ததும் முதலாளி எட்டிப் பார்த்தார்.

“ராட் ராட்னு போட்டிருக்கியே. இப்பெல்லாம் பைப்னுதான் சொல்றாங்க. எல்லாத்தையும் பைப்பா மாத்து.”

துளை போடும் இரும்புக் குழாயைத்தான் எங்கள் தொழிலில் ராட் என்பார்கள். டைப்ரைட்டராக இருந்தால் அழுதிருப்பேன். இப்போது ஒரே கட்டளை அடித்தேன். கண் இமைப்பதற்குள் முடிந்தது. அந்த நொடியில் எனக்கு வந்த பெருமை இருக்கிறதே, பி.காம். பாஸான அன்றுகூட அவ்வளவு வரவில்லை. பிரிண்ட் எடுத்தேன். தபால் கட்டுகிற நேரமாகிவிட்டிருந்தது. முதலாளி வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். நான் அடித்தால் பிழை இருக்காது என்பது அந்த அலுவலகத்தில் சட்டம். நானும் படிக்கவில்லை. இதை எழுத இப்போதும் எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் மில் மேனேஜர் ஃபோன் செய்தார். அவர் பேசியது ரிசீவருக்கு வெளியே வரைக்கும் கேட்டது.

“ஏனுங்க, எங்க ஊருக்குப் பேர் மாத்தீட்டாங்களா? எங்குளுக்கு யாரும் சொல்லவே இல்லீங்களே!”

இங்கிலீஷில் ஈரோடு என்று எழுதிப் பாருங்கள். ஈ, ஆர், ஓ, டி, ஈ. முன்னும் பின்னும் இருக்கிற ஈயை எடுத்துவிட்டால் நடுவில் நிற்பது ராட். பள்ளிக்கூட நாளிலிருந்து அந்த ஊர்ப் பெயரை எழுதிவரும் எனக்கு அது தெரியாது. அந்த எடிட்டருக்குத் தெரிந்திருந்தது. மூன்று பக்கத்திலும் ஈரோடு இருந்த இடமெல்லாம் ஈ-பைப்-ஈ. மில்லின் விலாசத்திலும் அதுதான், ஈரோட்டிலேயே இருக்கிற எங்கள் கிளையின் விலாசத்திலும் அதுதான். ப்ராடக்ட் என்ற சொல்லுக்குள்ளும் ஒரு ராட் ஒளிந்திருந்திருக்கிறது. அதையும் பிடுங்கிப் பைப்பைச் செருகியிருந்தது.

“ஈபைப்பி பஸ்ஸு எத்தன மணிக்கு தங்கச்சி?” என்று பட்டறைக்குள்ளிருந்து ஃபிட்டர் அண்ணன் குரல் கொடுத்தார். அதற்கு மேல் ஒரு வாரம், யார் எங்கே கிளம்பினாலும் ஈபைப்பி வழியாகத்தான் போனார்கள்.

முதலாளி சிரிக்கவில்லை. “ஊரையே பைப்பா ஆக்கிப் போட்டியே அம்மிணி” என்று மட்டும் சொன்னார். மறுநாள் அவர் மச்சானின் மகன் அலுவலகத்துக்கு வந்தான். என் வயதுதான் இருக்கும். கோயம்புத்தூரில் ஆறு மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்திருந்தான். என்னை மேடம் என்று கூப்பிட்டான். திட்டினால்கூடப் பதில் சொல்லலாம், அந்த மேடத்துக்கு என்ன சொல்வது?

“டாஸ் மிஷின்ல இதெல்லாம் வராதுங்க மேடம்.”

“ஏனுங்க, டாஸ்ல ஈரோட்டுக்கு ஸ்பெல்லிங் வேறங்களா?”

அவன் சிரித்துக்கொண்டான். முதலாளி இரண்டு பேரையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஆடிப் பதினெட்டு கழிச்சு பெரிய டெண்டர் ஒண்ணு அனுப்போணும். அதை இந்தப் பெட்டியில தப்பில்லாம அடிச்சுக் குடுத்தீன்னா, இந்தப் பெட்டியும் இருக்கும், நீயும் இங்க இருப்பே. இல்லாட்டி மாப்ள ஒரு டாஸ் மிஷினோட வந்து இந்த ரூம்ல உக்காந்துக்கட்டும். நீ குடோனுக்குப் போயி, துளை போடற பிட்டு, ஹேமரு வாரது போறது நோட்டுல எழுதிக்க. சம்பளம் அதேதான்.”

வீட்டில் சொன்னபோது அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “ஏஞ்சாமி, சம்பளம் அதேதானாமில்ல? அப்பறம் எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கறே?” குடோனில் இப்போது நோட்டு எழுதுகிறவர் எட்டாவது ஃபெயில். அவர் நல்லவர். ஆனால் அந்த நோட்டை எழுத அவருக்கு அந்த எட்டாவதே அதிகம். நான் படித்த பதினைந்து வருடத்தை அந்த நோட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அம்மாவிடம் எப்படிச் சொல்ல?

இந்த முறை கோயம்புத்தூர்க் கடைக்கு நானே கடிதம் எழுதினேன். முதல் வரியிலேயே ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பெயர், அடுத்த வரியில் பெட்டியின் மேக், அதாவது அதைச் செய்த கம்பெனி, டிஸ்க்கின் அளவு. பதில் வந்தது: அந்தச் சிஸ்டத்துக்கு இரண்டு புரோகிராம் எங்களிடம் உண்டு, நேரில் வந்து பாருங்கள். ஒருநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

கடையில் டை கட்டிய ஒருவர் முதல் புரோகிராமை ஓட்டிக் காட்டினார். மேலே வரிசையாக மெனு. எண்ணை அழுத்தினால் வேலை நடக்கும். எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். “லேடீஸுக்கு இதுதான் ஈஸிம்மா” என்றார். நான் கீபோர்டைக் கேட்டு வாங்கி, ராட் என்ற சொல் வருகிற இரண்டு வரி அடித்தேன். ஈரோடு என்று ஒரு வரி. ப்ராடக்ட் என்று ஒரு வரி. பிறகு ராட்டைப் பைப்பாக்கு என்றேன். கண் இமைப்பதற்குள் எல்லாம் மாறிவிட்டது. ஈரோடும்தான்.

“பாத்தீங்களா, என்ன ஸ்பீடு!” என்றார் அவர்.

பார்த்தேன். அந்த ஸ்பீடை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்.

இரண்டாவதைக் காட்ட அவருக்கே மனமில்லை. அதில் மெனு கொஞ்சம்தான். கன்ட்ரோல் விசையோடு வேறு விசையைச் சேர்த்து அழுத்த வேண்டும். நாற்பது ஐம்பது சேர்க்கை. நான் அதே வரிகளை அடித்து அதே கட்டளையைக் கொடுத்தேன். முதல் ராட்டில் போய் நின்றது. மேலே ஓரத்தில் ஒரு கேள்வி: மாற்றவா, வேண்டாமா? மாற்று என்றேன். அடுத்த ராட்டில் நின்றது, கேட்டது. ஈரோட்டில் நின்றது. கேட்டது. வேண்டாம் என்றேன். ஈரோடு ஈரோடாகவே இருந்தது.

“இது தொந்தரவுங்க. ஒவ்வொண்ணுக்கும் நிக்கும்” என்றார்.

“நிக்கட்டும்.”

“ஒவ்வொண்ணுக்கும் கேக்கும்.”

“கேக்கட்டுமுங்க. எங்க ஆபீசுல என்னைக் கேட்டுட்டு மாத்தறது இது ஒண்ணாவது இருக்கட்டும்.”

அப்போதுதான் அவர் இன்னொன்றைச் சொன்னார். முதல் புரோகிராம் எங்கள் மேக்குக்கான டிஸ்க்கிலேயே உண்டு. இரண்டாவது வேறொரு மேக்கின் டிஸ்க்கில்தான் இருக்கிறது. இரண்டு மேக்கிலும் ஆபரேட்டிங் சிஸ்டம் ஒன்றுதான். புரோகிராம் இரண்டிலும் ஓடும். ஆனால் டிஸ்க்கில் எழுதுகிற முறை வேறு. ஒன்றின் டிஸ்க்கை மற்றது படிக்காது. எனக்கு அந்தக் கடையிலேயே உட்கார்ந்து கத்த வேண்டும் போல இருந்தது. ஒரே சிஸ்டம், ஒரே அளவு டிஸ்க், இரண்டையும் செய்தவர்கள் ஒருவரையொருவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

சுலபமானதை எடுத்துக்கொண்டு வந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அது ஒரு சமயத்தில் எட்டுப் பக்கத்துக்கு மேல் தாங்காது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். நாற்பது பக்க டெண்டரை ஐந்து துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் எந்த ஊர் எதுவாக ஆயிற்று என்று தேடிக்கொண்டிருக்க என்னால் முடியாது. கேட்கிற புரோகிராமையே வாங்கினேன். அந்த இன்னொரு மேக் பக்கத்தில் யாரிடமாவது இருக்கிறதா என்று விசாரித்தேன். சேலத்தில் ஒரு மில்லில் இருக்கிறது என்றார்கள்.

முதலாளி டிஸ்க்கைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மச்சான் மகன் பக்கத்தில் நின்றான்.

“நம்ம பெட்டியில மாட்டாத சாமானை எதுக்கு வாங்கியாந்தே?”

“சிஸ்டம் ஒண்ணுதானுங்க. டிஸ்க் ஃபார்மட்தான் வேறங்க.”

“ஒண்ணுங்கிறே, வேறங்கிறே. என்னதான் சொல்றே?”

மூன்று வாரமாக எல்லோரிடமும் இதையே சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே பட்டறையில் துளை போடும் குழாய்களை வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஒரு குழாயோடு இன்னொன்றைத் திருகிச் சேர்க்க முனையில் மரை வெட்டியிருக்கும். ஒரு கம்பெனிக் குழாயின் மரை இன்னொரு கம்பெனிக் குழாயில் ஏறாது. இதற்காக இந்த மனிதர் ராய்ச்சூரில் வண்டியை நிறுத்திவைத்து, அங்கிருந்து ஃபோனில் கத்தியதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

“ராட் ஒண்ணுதானுங்க” என்றேன். “மரை வேற.”

முதலாளி டிஸ்க்கை மேஜைமேல் மெதுவாக வைத்தார்.

“இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?”

மொதல்லயே! பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வாசலில் வந்து நின்ற ஃபிட்டர் அண்ணன் இதைக் கேட்டுவிட்டார். “மரை சேரலீன்னா நடுவால ஒரு அடாப்டர் போடறது. இந்தப் பக்கம் இந்த மரை, அந்தப் பக்கம் அந்த மரை. லேத்துல குடுத்தா ஒரு மணி நேரம். இதுக்குப் போயி இத்தன பேச்சா?”

கேலியாகத்தான் சொன்னார். ஆனால் நான் அந்தத் தடித்த புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் பிரித்தேன். இரண்டு கம்ப்யூட்டரை ஒரு கேபிளால் இணைத்து, ஒன்றில் இருப்பதை மற்றதுக்கு அனுப்பலாம் என்று அங்கே ஒரு படம் போட்டிருந்தது. மில் கம்ப்யூட்டர் அந்த டிஸ்க்கைப் படிக்கும். படித்ததைக் கேபிள் வழியாக எங்கள் பெட்டிக்கு அனுப்பும். எங்கள் பெட்டி அதைத் தன் டிஸ்க்கில் தன் முறைப்படி எழுதிக்கொள்ளும்.

“சேலத்துல எந்த மில்லு?” என்றார் முதலாளி. சொன்னேன். “அது நாம போர் போட்ட மில்லாச்சே! நாலு பேர் போட்டு வறண்டு போனதுல நம்ம வண்டிதான் தண்ணி காட்டுச்சு.” அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரே ஃபோனில் ஏற்பாடு ஆயிற்று. அந்தத் தண்ணீருக்கு நான் இன்றுவரை கடமைப்பட்டிருக்கிறேன்.

ஜீப்பில் நான், ஃபிட்டர் அண்ணன், மச்சான் மகன் மூன்று பேரும் போனோம். அவனை முதலாளிதான் “நீயும் போயி என்ன நடக்குதுன்னு பாத்துட்டு வா” என்று அனுப்பினார். திரையை நான் மடியில் வைத்துக்கொண்டேன். மல்லசமுத்திரம் தாண்டும்வரை ஒவ்வொரு பள்ளத்துக்கும் “மெதுவா போங்கண்ணா” என்றேன். ஃபிட்டர் அண்ணன் ஒவ்வொரு தடவையும், “புள்ளத்தாச்சிய ஏத்திட்டுப் போற மாதிரியல்ல இருக்குது” என்றார்.

மில்லின் கணக்கர் கதவைத் திறந்துவிட்டு, “எதையும் தொட்டுக் கெடுத்துராதீங்க” என்று சொல்லி, செய்தித்தாளோடு ஒரு மூலையில் உட்கார்ந்தார். தொடாமல் எப்படி வேலை செய்வது என்று அவர் சொல்லவில்லை. இரண்டு பெட்டியையும் அக்கம்பக்கத்தில் வைத்து, அண்ணன் பற்றவைத்துக் கொண்டுவந்திருந்த கேபிளை மாட்டினேன். அங்கே அனுப்பு என்றேன். இங்கே வாங்கு என்றேன். ஒன்றும் நடக்கவில்லை. அரைமணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை.

“நான் அப்பவே சொன்னேனுங்களே மேடம்” என்றான் மச்சான் மகன். “இதெல்லாம் பழைய டெக்னாலஜிங்க.”

“நீங்க கொஞ்சம் வெளிய போயி டீ குடிச்சுட்டு வாங்க.”

அவன் போனதும் படத்தை மறுபடி பார்த்தேன். கேபிளில் இரண்டாம் எண் கம்பி அனுப்புவதற்கு, மூன்றாம் எண் வாங்குவதற்கு. அண்ணன் இரண்டை இரண்டோடும் மூன்றை மூன்றோடும் சேர்த்திருந்தார். நிறத்துக்கு நிறம் சேர்த்தால்தான் சரி என்பது வண்டி ஒயரிங்கில் அவர் பழக்கம். இங்கே அதனால் என்ன ஆயிற்று என்றால், இரண்டு பெட்டியின் வாயையும் ஒன்றோடொன்று கட்டிவிட்டோம், இரண்டின் காதையும் ஒன்றோடொன்று கட்டிவிட்டோம். இரண்டும் பேசின. இரண்டும் கேட்கவில்லை. இதற்கு நான் சேலம் வரைக்கும் வந்திருக்க வேண்டியதில்லை. இதை எங்கள் அலுவலகத்திலேயே தினமும் பார்க்கலாம்.

“அண்ணா, இதோட வாய் அதோட காதுக்குப் போகோணுங்க. மாத்திக் கட்டோணும்.”

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். “அட, ஆண் மரைக்கு ஆண் மரையையா திருகிட்டிருந்தேன்!” பற்றவைக்கிற கம்பியைக் கொண்டுவரவில்லை. கட்டிங் பிளேயரால் வெட்டி, பல்லால் உறையைக் கடித்து இழுத்து, கம்பியை முறுக்கி, டேப் சுற்றினார். கணக்கர் செய்தித்தாளுக்கு மேலாகப் பார்த்து, “சார்ட்டு ஆயிராதுங்களே?” என்றார்.

மறுபடி அனுப்பு என்றேன். எங்கள் பெட்டியின் டிஸ்க் விளக்கு எரிந்தது. அது எரிந்து அணைந்து எரிந்ததை நான் எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. ஒவ்வொரு ஃபைலாக வந்து சேர்ந்தது. ஒன்று பாதியில் நின்றது, மறுபடி அனுப்பினேன். கரண்ட் ஒருமுறை போய் வந்தது, அதற்காக இன்னொன்றை மறுபடி அனுப்பினேன். மச்சான் மகன் டீ குடித்துவிட்டு வந்து நின்று பார்த்தான். சாயங்காலம் நாலு மணிக்கு எங்கள் பெட்டியில் அந்தப் புரோகிராம் திறந்தது.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தால் அது தவறு. கன்ட்ரோல் சேர்க்கைகளை ஒரு அட்டையில் எழுதி, பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் மனப்பாடம் செய்தேன். டெண்டரின் நாற்பது பக்கத்தையும் அடித்தேன். முதலாளி அதற்குள் ஏழு முறை மனம் மாறினார். ஏழு முறையும் மாற்றினேன். ஆடிப் பதினெட்டு கழிந்தது. மறுநாள் காலை டெண்டர் தபாலில் போக வேண்டும் என்கிற நிலையில், அன்று மதியத் தபாலில் அந்த அரசாங்கத்திடமிருந்து ஒரு திருத்தம் வந்தது. போர்வெல் என்று எங்கேயும் போடக் கூடாது. ட்யூப்வெல் என்றுதான் போட வேண்டும், இல்லாவிட்டால் டெண்டர் நிராகரிக்கப்படும்.

முதலாளி காகிதத்தோடு என் அறைக்கு வந்தார். மச்சான் மகனும் வந்தான். அவன் கையில் ஒரு டாஸ் மிஷினின் கொட்டேஷன் இருந்தது. அதை எதற்குக் கொண்டுவந்தான் என்பது மூன்று பேருக்கும் தெரியும். முதலாளி ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். “போடு, பாப்போம்” என்றார்.

போர்வெல்லை ட்யூப்வெல்லாக மாற்று என்றேன். முதல் இடத்தில் போய் நின்றது. அட்டைப் பக்கம், மேல் வரி. மாற்றவா, வேண்டாமா? வேண்டாம் என்று அழுத்தினேன்.

“ஏன் அத உட்டுட்டே?” என்றார் முதலாளி அவசரமாக. “எங்கேயும் இருக்கக் கூடாதுன்னு போட்டிருக்கறாங்கல்ல?”

“அது உங்க கம்பெனி பேருங்க.”

எங்கள் கம்பெனியின் பெயரிலேயே போர்வெல் உண்டு. பதிவுச் சான்றிதழ், பேங்க் கடிதம், முந்தைய வேலைகளுக்கான நற்சான்று எல்லாவற்றிலும் அந்தப் பெயர்தான். கடிதத்தில் ஒரு பெயரும் சான்றிதழில் ஒரு பெயரும் இருந்தால் கவரைப் பிரித்த இடத்திலேயே தூக்கிப் போடுவார்கள். அடுத்த இடத்தில் நின்றது, அது துளையைப் பற்றியது, மாற்று என்றேன். அதற்கடுத்தது கம்பெனிப் பெயர், வேண்டாம் என்றேன். பக்கம் பக்கமாக அது நிற்க, அது கேட்க, நான் சொல்ல, அவர் திரைக்கு முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டே வந்தார். பத்தாவது பக்கத்துக்கு மேல், நான் விசையை அழுத்துவதற்கு முன்னாலேயே அவரும் சொல்ல ஆரம்பித்தார். “இது மாத்து. இது வேண்டாம். இது... இரு, இது என்ன? ஆ, இது பேரு, வேண்டாம்.” இருபத்தேழாம் பக்கத்தில் ஒருமுறை தப்பாகச் சொன்னார். நான் சரியாக அழுத்தினேன். அவர் கவனித்தார்.

முடிந்ததும் மச்சான் மகன் மெதுவாகக் கேட்டான்: “மேடம், டாஸ்லயும் இந்த மாதிரி கேட்டுக் கேட்டு மாத்தற புரோகிராம் இருக்குதுங்களா?”

“உங்க கோர்ஸ்ல சொல்லிக் குடுக்கலீங்களா?”

முதலாளி அவன் கையிலிருந்த கொட்டேஷனை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எழுந்தார்.

“மாப்ள, நீ இப்பத்திக்கு குடோனப் பாத்துக்க. அந்த நோட்டு ஒரே கிறுக்கலா கெடக்குது.” பிறகு என் பக்கம் திரும்பினார். “இப்பத்திக்கு இந்தப் பெட்டியே இருக்கட்டும் அம்மிணி. நீ பிரிண்ட் எடு. இந்தத் தடவ படிச்சுப் பாத்துட்டுக் குடு.”

இப்பத்திக்கு! ஒன்றரை மாதம் ஊர் ஊராக அலைந்து, ஒரு பெட்டியை மடியில் தூக்கிச் சுமந்து, ஐம்பது விசைச் சேர்க்கையை மனப்பாடம் செய்து, நாற்பது பக்கத்தில் ஒரு பிழை இல்லாமல் கொடுத்தவளுக்கு இப்பத்திக்கு. அந்தச் சொல்லை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடச் சொல்லிக் கேட்டிருப்பேன். ஆனால் பிரிண்டர் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் எடுத்துக்கொள்ளும், பிரதி ஐந்து வேண்டும், காலையில் தபால் போக வேண்டும். தாளை மாட்டினேன். முதல் பக்கம் கரகரவென்று வெளியே வந்தது. கிழித்தெடுத்து, ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்துக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.